கூப்பிடு தூரத்தில் ஒரு பட்டறை

1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட்டுக்கு வயது 22. கோவைக்காரர். திருச்சியில் ரயில்வே வரைவாளர் வேலை. அந்தக் காலத்தில் ரயில்வே உத்தியோகம் என்றால் ஊரே மதிக்கும், பெண் வீட்டார் தேடி வருவார்கள். அந்த வேலையை அவர் விட்டார். தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் கெட்டுத் தன் நாட்டுக்குத் திரும்ப முடிவு செய்தபோது, அவரிடமிருந்த படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் சுமார் 2,000 ரூபாய்க்கு வின்சென்ட் வாங்கிக்கொண்டார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. சிறு சம்பளக்காரர் ஒருவருக்கு அன்றைக்கு அது பல வருட ஊதியம்.

பேசும்படம் வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. மின்சாரம் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. வின்சென்ட் கூடாரத்தைச் சுருட்டி ரயிலேற்றுவார், இறங்கிய ஊரில் திடல் பார்த்து அடிப்பார், இருட்டியதும் காட்டுவார். வடமேற்கே பெஷாவர் வரைக்கும் அந்தக் கூடாரம் போனது. சென்னை எஸ்பிளனேடில் ‘எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன்’ என்ற பெயரில் அவர் கொட்டகை போட்டபோது கிராமபோன் தட்டையும் படத்தையும் சேர்த்து ஓட்டினார். பிறகு பாரிஸின் பாதே நிறுவனத்துக்கு முகவராகிப் படக்கருவிகளை மற்றவர்களுக்கு விற்கவும் தொடங்கினார். தனக்குப் போட்டியாளர்களைத் தானே உருவாக்கிக்கொண்டவர் என்று இதைச் சொல்லலாம். ஆனால் கருவி விற்பவனுக்குப் படம் காட்டுபவர்கள் எவ்வளவு பெருகினாலும் லாபம்தான்.

1914-ல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ எழுந்தது. ஊரின் முதல் நிரந்தரத் திரையரங்கு. பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆனது. அது நின்ற சாலை இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். திரையரங்குக்கு மின்சாரம் வேண்டும், ஊரில் மின்சாரம் இல்லை, ஆகவே சொந்தமாக எந்திரம் வைத்து உற்பத்தி செய்தார். படம் மாலையில்தான் ஓடும். பகலெல்லாம் சும்மா நிற்கும் எந்திரத்தை என்ன செய்வது? மின்சாரத்தில் இயங்கும் அச்சகம் வந்தது, அரவை ஆலை வந்தது. அச்சகம் இருந்தால் தன் படத்துக்கான நோட்டீசைத் தானே அடித்துக்கொள்ளலாம். 1933-ல் கல்கத்தாவின் பயனியர் பிலிம் கம்பெனியுடன் சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ பேசும்படத்தையும் எடுத்தார். படம் காட்டுகிறவராகத் தொடங்கியவர், கருவி விற்று, அரங்கு கட்டி, மின்சாரம் தயாரித்து, கடைசியில் படமெடுப்பவர் ஆனார். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியில் சந்தித்த ஒரு குறையை நிரப்ப எடுத்து வைத்தது.

இன்று கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. முதலில் யோசனை, அடுத்து முதலீட்டாளர், அப்புறம் வேகம் என்று அந்தப் பாடம் போகும். கொங்கு நாட்டின் நூறாண்டுப் பதிவைப் புரட்டினால் வேறொரு வரிசை தென்படுகிறது. இங்கே நிலைத்த புதுமைகளுக்கெல்லாம் இரண்டு பேர் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறார்கள்: பொருளைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், அதைச் செய்துகொடுக்கிற கைகாரர் ஒருவர். இருவரில் ஒருவர் விலகிப் போன இடத்தில், எவ்வளவு அறிவாளியின் கண்டுபிடிப்பும் கண்ணாடிப் பேழைக்குள்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று கிணறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்கு மேட்டு நிலத்தில் ஆற்றுப்பாசனம் குறைவு. நொய்யலும் அமராவதியும் பவானியும் தொடும் ஓரங்கள் போக, மற்றதெல்லாம் கிணற்றை நம்பிய காடுதான். கிணறுகள் ஆழமானவை. மாடு கட்டிக் கவலை இறைத்தே தோட்டம் காத்த உழவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தபோது இன்னும் அதிகமாகத் தண்ணீர் தேடினார்கள். 1932-ல் நீலகிரியில் பைக்காரா புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மலையிறங்கி வந்ததும் நூற்பாலைகள் பெருகின. தோட்டத்துக்கும் கம்பி வந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை ஒருவரும் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. மோட்டார் வேண்டும்.

1937-ல் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் அந்த மோட்டாரைச் செய்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது அறியப்படுகிறது. அதன் பின்னால் இருந்தவர்கள் ஜி.டி. நாயுடுவும், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தால் பெயர்பெற்ற டி. பாலசுந்தரம் நாயுடுவும். முதல் மோட்டார் சரியாக ஓடாவிட்டால் என்ன ஆகும்? வாங்கிய உழவர் மாட்டு வண்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவார். எங்கே சுட்டது, எந்தச் சுருள் புகைந்தது, மின்னழுத்தம் குறைந்தபோது என்ன சத்தம் போட்டது என்று பட்டறை வாசலிலேயே நின்று சொல்வார். வெளிநாட்டு மோட்டாரைச் செய்த பொறியாளருக்கு இந்தத் தகவல் எந்த நாளும் எட்டியிருக்காது. கோவை மோட்டாரும் பம்ப்செட்டும் நாடு முழுக்கப் போனதற்குக் கூலி மலிவு என்று ஒரு காரணம் சொல்வார்கள். பொருளைச் செய்கிறவனும் திட்டுகிறவனும் ஒரே ஊரில் இருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறது. 1893-ல் சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டதுதான். 1920-ல், கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பழனிக்குப் போகும் பக்தர் கூட்டம் என்றைக்கும் உண்டு. வண்டி வழியில் நின்றால் இறங்கிச் சரிசெய்யவும் அவருக்கே தெரியும்.

அடுத்த பக்கம் துயரமானது. ஜெர்மனிக்குப் போய்வந்த நாயுடு, மின்கலத்தில் இயங்கும் ‘ரேசண்ட்’ சவரக் கருவியை உருவாக்கினார். ஐரோப்பியக் கண்காட்சிகளில் அது பாராட்டுப் பெற்றது. 1941-ல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்துதர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசு உரிமம் தரவில்லை. வாக்குப்பதிவு எந்திரம், பழச்சாறு எந்திரம் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் கோவையில் ஒரு தொழிலாகக் கிளைக்கவில்லை. அவினாசி சாலையில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கிற பள்ளிப் பிள்ளைகள் வியந்து நிற்கிறார்கள்.

உரிம ஆட்சியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடுவது எளிது. பழியில் பெரும்பங்கு அதற்கு உரியதுதான். கார் விஷயத்தில் வேறு விளக்கமே தேவையில்லை. ஆனால் ரேசண்டை எடுத்துக்கொண்டால், 1930-களின் கோவையில் தெருவுக்கு ஒரு நாவிதர் இருந்தார், மின்கலம் வாங்கக் கடை இல்லை. அந்தக் கருவியைப் பயன்படுத்தக்கூடியவர் லண்டனிலும் பெர்லினிலும் இருந்தார். அவருடைய கன்னத்தில் அது எப்படி உரசியது என்று பீளமேட்டுக்கு யார் வந்து சொல்வது? மோட்டாருக்குக் கிடைத்த ஆசிரியர் சவரக் கருவிக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு பேருமே பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இட்லி மாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 1955-ல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரின் அடிப்படை யோசனையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும், கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நின்ற இடத்திலேயே உருளும். இந்தத் தலைகீழ் மாற்றத்தால்தான் மோட்டாரைக் கீழே வைக்க முடிந்தது, மேலே மாவு தள்ள இடம் கிடைத்தது. ஓட்டல்காரர்கள் முதலில் வாங்கினார்கள். அவர்களுக்கு அடுத்த தொல்லை, அரைத்த மாவை வழித்தெடுப்பது. அதற்குப் பாத்திரத்தையே சாய்க்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது. வீட்டுக்காரர்களுக்கு இடம் இல்லை, கனம் தூக்க முடியவில்லை. மேசைமேல் வைக்கும் டேபிள் டாப் வந்தது, ஒற்றைக் குழவிக்குப் பதிலாகச் சிறிய உருளைக் கற்கள் இரண்டோ மூன்றோ உள்ளே உருண்டன. மிக்சியின் பிளேடு வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கும், சூடேறிய உளுந்து பொங்காது. கல் மெதுவாகச் சுற்றும், மாவு குளிர்ந்தே இருக்கும். இதை ஆய்வகம் கண்டுபிடிக்கவில்லை, அடுத்த நாள் காலையில் தட்டில் விழுந்த இட்லி சொன்னது.

கல்லுக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. வெண்ணெய்க்குப் பெயர்போன ஊத்துக்குளி வட்டாரத்தின் கருங்கல் அரைக்க உகந்தது. கல் கொத்தும் கைகள் தலைமுறைகளாக அங்கேயே இருந்தன. மோட்டார் சுற்றக் கோவையில் ஆள் இருந்தார், டிரம் செய்ய ஆள் இருந்தார், பெல்ட்டும் புல்லியும் அடுத்த தெருவில் கிடைத்தன. அரை நூற்றாண்டு கழித்து, 2005-06-ல், ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. பட்டுப்புடவைக்கும் மலைப்பூண்டுக்கும் கிடைக்கிற அந்தச் சான்று ஒரு மின்சாதனத்துக்குக் கிடைத்தது அபூர்வம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தப் பெயர் ஒரு கம்பெனிக்கு உரியதாகாமல் ஊருக்கு உரியதானது. நூற்றுக்கணக்கான சிறு தயாரிப்பாளர்கள் அந்த யோசனையிலிருந்து பிழைத்தார்கள். சபாபதியின் பெயர் மட்டும் பாடப்புத்தகத்தில் ஏறவில்லை.

இந்த ஊரின் உண்மையான மூலதனம் எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒரு பகல் நடந்தால் போதும். பத்தடிக்கு ஒரு ஷட்டர். உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல், கட்டிங் ஆயிலின் வாடை. முதலாளி யார், தொழிலாளி யார் என்று உடையை வைத்துச் சொல்ல முடியாது. புதிதாக ஒரு பொருளைச் செய்ய நினைக்கும் இளைஞர் ஒரு வரைபடத்தோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பேட்டர்ன் கடை. மரத்திலோ அலுமினியத்திலோ அச்சு தயாராகும். அது வார்ப்படப் பட்டறைக்குப் போகும், மணலில் அமுங்கி இரும்பாகத் திரும்பும். அங்கிருந்து லேத்துக்கு. பல்சக்கரம் வெட்ட வேறொருவர், பவுடர் கோட்டிங் அடிக்க இன்னொருவர். எல்லாம் டி.வி.எஸ். பின் பெட்டியில் வைத்துச் சுற்றிவரக்கூடிய தூரம். இதில் ஒவ்வொருவரும் வரைபடத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்: இந்த மூலையைக் கொஞ்சம் உருட்டினால் வார்ப்பில் வெடிக்காது, இந்தத் துளைக்கு இந்த அளவு டூல் கிடைக்காது, இதை வெல்டிங்கில் முடித்தால் பாதிச் செலவு. ‘ஜாப் ஆர்டர்’ என்று அவர்கள் சொல்லும் இந்தக் கூலி வேலை ஒரு பெரிய பல்கலைக்கழகம். கட்டணம் மணிக்கணக்கு.

பட்டறைகள் தங்கிய ஊரில் சினிமா தங்கவில்லை என்பது இந்த இடத்தில் யோசிக்கத்தக்கது. வின்சென்ட் போட்ட விதையிலிருந்து 1930-களில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது; 1940-களில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த ‘ராஜகுமாரி’ 1947-ல் இங்கேதான் உருவானது. 1954-ல் ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜாவிலிருந்து வந்து, இன்னும் பல மொழிகளிலும் எடுக்கப்பட்டது. பணம் இருந்தது, ஆலை முதலாளிகளின் ஆர்வம் இருந்தது, அரங்கு நிறையக் கூட்டம் இருந்தது. ஆனால் நடிகர்கள், இசைக்குழுக்கள், வினியோகஸ்தர்கள், படம் கழுவும் கூடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சென்னையில் குவிந்தன. ஸ்டுடியோ என்பது நான்கு சுவரும் விளக்கும் மட்டுமல்லவே. கைகாரர்கள் இடம்பெயர்ந்ததும் கலையும் இடம்பெயர்ந்தது. கோவையில் கதை எழுதவும் படம் வரையவும் இசையமைக்கவும் துடிக்கும் இளைஞர்கள் இன்றைக்கும் சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுவதற்குக் காரணம் அந்த இடப்பெயர்வில் இருக்கிறது.

பயன்படுத்துகிறவர் வீட்டுக்குள்ளேயே இருந்தும் வாய் திறக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. பாப்பநாயக்கன்புதூரின் அருணாசலம் முருகானந்தம் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தந்தை விபத்தில் இறக்க, பதினான்கு வயதில் பள்ளியை விட்டுப் பட்டறை வேலைக்குப் போனவர். 1998-ல் திருமணமானபோது மனைவி சாந்தி மாதவிடாய்க்குப் பழைய துணியை மறைத்து எடுத்துப்போவதைக் கவனித்தார். கடையில் ஒரு நாப்கின் வாங்கிக் கையில் எடைபோட்டார். பத்துக் கிராம் பஞ்சுக்கு இந்த விலையா என்ற கேள்வி, ஆலையும் பஞ்சும் சூழ்ந்த ஊரில் வளர்ந்தவருக்கு இயல்பாகவே வந்திருக்கும். பஞ்சை வைத்துத் தானே செய்து பார்த்தார், சரிவரவில்லை. மனைவியும் தங்கைகளும் சோதித்துச் சொல்ல மறுத்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தார். கடைசியில், கால்பந்தின் உள் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடலில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர் ஒதுக்கியது. மனைவி பிரிந்துபோனார், தாயும் போனார்.

கடை நாப்கினுக்குள் இருந்தது பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆலை முதலாளிபோலப் பேசி வெளிநாட்டு நிறுவனங்களிடம் மாதிரி கேட்டு வரவழைத்த பலகையைப் பிய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதை நாராக்கும் எந்திரம் கோடிக்கணக்கில் விலை. அவர் அந்த வேலையை நான்கு படிகளாகப் பிரித்தார்: கூழ்ப்பலகையை நாராக்குவது, அச்சில் அழுத்துவது, உறை சுற்றி ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறிய எந்திரம். மொத்தம் சுமார் 65,000 ரூபாய். பட்டறையில் வளர்ந்தவரின் மூளை அந்தப் பிரிப்பில் தெரிகிறது. பெரிய எந்திரம் ஒன்றே செய்வதைச் சின்னச் சின்ன ‘ஆபரேஷன்’களாக உடைப்பது கணபதி லேத் பட்டறைக்காரர் தினமும் செய்கிற காரியம். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அந்த எந்திரத்துக்குப் பரிசு கிடைத்தது. மனைவியும் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார். காப்புரிமையைப் பெருநிறுவனங்களுக்கு விற்காமல், எந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். நாப்கினைச் செய்கிறவரும் பயன்படுத்துகிறவரும் ஒரே கிராமத்துப் பெண்களானார்கள். கடைக்காரரிடம் கேட்கக் கூசிய பெண் பக்கத்து வீட்டக்காவிடம் கேட்டாள், எது கசிகிறது, எது உறுத்துகிறது என்று சொன்னாள். 2014-ல் ‘டைம்’ இதழின் நூறு பேர் பட்டியலும், 2016-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன.

முருகானந்தத்தின் கதையில் பட்டறை உண்டு, கல்லூரி மேடை உண்டு. சொந்த பந்தத்தின் பணம் மட்டும் இல்லை. கொங்கு நாட்டில் அது விதிவிலக்கு. ஆய்வாளர் சரத் சாரி 2004-ல் வெளியிட்ட ‘ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்’ நூல் திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்கிறது. காட்டில் உழுதுகொண்டிருந்த, பிறகு பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்ற கவுண்டர் சமூகத்து ஆண்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதே அதன் கேள்வி. தங்கள் உயர்வுக்குத் தங்கள் உழைப்பே காரணம் என்று அவர்கள் சொன்னதை அவர் மதித்துக் கேட்கிறார். அந்த உழைப்பு ஏன் சிலருக்கு மட்டும் மூலதனமாக மாறியது, அதே மெஷினில் அதே நேரம் உழைத்த பெண்களுக்கும் தலித்துகளுக்கும் ஏன் மாறவில்லை என்று அடுத்துக் கேட்கிறார். பங்குக்குச் சேர மச்சான், ஈடு வைக்கத் தோட்டம், கடனுக்கு நூல் தர ஒரே சாதி வியாபாரி, ஏலச்சீட்டில் முதல் மாதமே எடுத்துக்கொள்ள விட்டுக்கொடுக்கும் சொந்தம். கூப்பிடு தூரம் என்று மேலே சொன்னது எல்லோருக்கும் ஒரே தூரம் அல்ல. சிலர் கூப்பிட்டால் மட்டுமே கதவு திறந்திருக்கிறது. கோவையைப் பற்றிய புகழுரைகள் அனேகமாக இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அது நேர்மையல்ல.

அரசு இந்த இடைவெளியைப் பணத்தால் நிரப்பப் பார்க்கிறது. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான ‘நீட்ஸ்’ திட்டம் முதலீட்டில் 25 சதவீதத்தை மானியமாகத் தருகிறது. 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும், கடன் வட்டியில் 6 சதவீதச் சலுகையும் தருகிறது. மிக அவசியமான திட்டம். ஆனால் மெஷின் வாங்கிய பிறகு முதல் ஆர்டரை யார் தருவார்? வார்ப்படக்காரர் இவருடைய பேட்டர்னை வரிசையில் முன்னால் வைப்பாரா, முப்பது நாள் கடனுக்குப் பொருள் கொடுப்பாரா? மானியம் இந்தக் கேள்விகள் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. அரசுத் துறைகளும் பெரிய ஆலைகளும் தங்கள் கொள்முதலில் ஒரு பங்கை இந்தப் புதியவர்களிடம் நேரடியாகக் கொடுத்து, பணத்தை நாள் தவறாமல் தந்தால், வங்கிக் கடனைவிட அது பெரிய உதவி.

பொருளைவிடப் பெயரை உருவாக்கியவர்களின் பாதை சற்று வேறு. ஈரோட்டு மஞ்சள் சந்தையில் 1975-ல் வியாபாரியாகத் தொடங்கிய பி.சி. துரைசாமி, இரண்டு ஆண்டுகளில் மஞ்சளையும் மிளகாயையும் அரைத்துப் பொட்டலமாக்கிச் ‘சக்தி மசாலா’ என்று விற்றார். அவினாசிக்காரர் கே.ஆர். நாகராஜன் 1983-ல் தந்தை ராமசாமியின் பெயரிலிருந்து பாதியும் தன் பெயரிலிருந்து பாதியும் எடுத்து ‘ராம்ராஜ்’ தொடங்கினார். வேட்டி நெய்யும் தறிகள் சுற்றுவட்டாரமெங்கும் இருந்தன. வேட்டியைப் பெருமையாகக் கட்டும் மனநிலைதான் நகரத்து இளைஞரிடம் குறைந்துகொண்டிருந்தது. அவர் செய்த படைப்பு வேலை துணியில் இல்லை, அதைக் கட்டியவருக்குக் கிடைக்கும் மரியாதையை விளம்பரத்தில் காட்டியதில் இருக்கிறது. தறிக்காரர் பக்கத்தில் இருந்தார், கட்டுகிறவர் ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் இருந்தார்.

இணையம் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டதா? 2014-ல் கோவையில் மேகா ஆஷரும் பிரிதேஷ் ஆஷரும் வீட்டுச் சமையலறையில் தொடங்கிய ‘ஜூசி கெமிஸ்ட்ரி’ இயற்கை அழகுசாதன நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் இல்லை. 2021-ல் பெல்ஜியத்தின் வெர்லின்வெஸ்ட் அதில் 63 லட்சம் டாலர் முதலீடு செய்தது. தோலில் தடவும் பொருளுக்கு வாங்கியவர் எழுதும் விமர்சனமே பட்டறை வாசலில் உழவர் போடும் சத்தத்துக்கு நிகர். அதை நிறுவனர்களே படித்துப் பதில் சொல்லும் அளவுக்குத் தொழில் சிறிதாக இருக்கும் வரை தூரம் ஒரு தடையில்லை.

இரும்பும் மின்சாரமும் கலந்த தொழிலுக்குத் தூரம் இன்னும் தடைதான். சிங்கப்பூரிலிருந்து திரும்பி 2008-ல் கோவையில் ‘ஆம்பியர்’ மின்வாகன நிறுவனத்தைத் தொடங்கிய ஹேமலதா அண்ணாமலைக்கு, இறக்குமதிப் பாகங்களை நம்பி நம் சாலைக்கும் நம் வெயிலுக்கும் வண்டி ஓட்ட முடியாது என்பது விரைவிலேயே புரிந்தது. மோட்டாரையும் சார்ஜரையும் உள்ளூரிலேயே உருவாக்கும் திசைக்கு நிறுவனம் திரும்பியது. மோட்டார் சுற்றத் தெரிந்த ஊரில் இருந்தது அதற்குக் கைகொடுத்தது. இந்தியச் சந்தையில் மின் ஸ்கூட்டரை எவரும் பொருட்படுத்தாத பத்தாண்டுகளை அந்த நிறுவனம் தாக்குப்பிடித்தது. 2018-ல் கிரீவ்ஸ் காட்டன் அதன் பெரும்பங்கை வாங்கியது. ஆண்கள் மட்டுமே நின்று பேசிப் பழகிய வார்ப்படப் பட்டறைகளிலும் பாகங்கள் செய்யும் இடங்களிலும் ஒரு பெண் முதலாளி ஆர்டர் கொடுத்தது, விற்பனைக் கணக்கில் வராத ஒரு மாற்றம்.

ஆபத்து இப்போது அடிக்கட்டையில் இருக்கிறது. ஜாப் ஆர்டர் பட்டறைகள் 2022-ல் உயர்ந்த மின்கட்டணத்தாலும் நிலையான கட்டணத்தாலும் திணறுகின்றன. பொறியியல் கூலி வேலைக்கான ஜி.எஸ்.டி. 2019-ல் 18 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்கியும், இன்னும் குறைக்கச் சொல்லிக் குறுந்தொழில் சங்கங்கள் கேட்டுவந்தன. வெட் கிரைண்டருக்கு 2019-ல் 5 சதவீதமாக இறங்கிய வரி, 2022 ஜூலையில் ஒரே அடியாக 18 ஆனது. ஒரு லேத் பட்டறை மூடினால் செய்தித்தாளில் வராது. ஷட்டர் இறங்கும், அந்த இடத்தில் குடோன் வரும். ஆனால் அடுத்த சபாபதி வரைபடத்தோடு அந்தத் தெருவுக்கு வரும்போது, மூலையை உருட்டச் சொல்ல ஆள் இருக்கமாட்டார். புத்தாக்க மையங்களுக்கும் தொழில் வளர் கூடங்களுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்தப் பட்டறைகளின் மின்கட்டணத்துக்குப் போனால், அதைவிட நல்ல புத்தாக்க முதலீடு இந்த மாவட்டத்தில் இல்லை.

பயிற்சி விஷயத்திலும் பழைய வழக்கு ஒன்று தீர்க்கப்படாமல் கிடக்கிறது. 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அந்தக் கல்லூரியே இன்றைய கோவை அரசு பொறியியல் கல்லூரி. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வீண், இரண்டே போதும் என்று நாயுடு வாதிட்டார். அரசு ஏற்கவில்லை, அவர் கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப்போட்டுக் கற்றவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. இன்று கோவையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் மண்டிக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் மாணவர்களில் ஒரு பேட்டர்ன் கடைக்குள் காலெடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லூரியும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்காண்டில் ஓராண்டைக் கணபதியின் ஷட்டர்களுக்குள் கழிக்க வைத்து, அந்தப் பட்டறைக்காரருக்கு ஆசிரியருக்குரிய ஊதியத்தைக் கல்லூரி கொடுப்பதற்கு இன்றைக்கு உரிமம் எதுவும் தேவையில்லை.